கட்டுத்தரை கண்ட பாலன்

(கோயம்புத்தூரில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மார்கழி பிறந்துவிட்டது. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிட்டு, சாணியுருண்டையில் பூசணிப்பூவைச் செருகி வைக்கும் இதே நாட்களில்தான், பெரிய கடை வீதியில் உள்ள புனித மிக்கேல் பேராலயத்திலும், கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை ஆலயத்திலும், இன்னும் எத்தனையோ எளிய வீடுகளிலும் கிறிஸ்துமஸ் குடில் கட்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆயர்பாடியில் வளர்ந்த பிள்ளையைப் பாடுகிற குரலும், பெத்லகேமில் பிறந்த பிள்ளைக்குப் புல் பரப்புகிற கையும் ஒரே ஊரில், ஒரே பனிக்காலத்தில் காணக் கிடைப்பது நமக்கு வாய்த்த பாக்கியம். இரண்டு பிள்ளைகளுமே மாடுகளின் மூச்சுப் படும் தூரத்தில் கிடந்தவர்கள் என்பதை நினைக்கும்போது, இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுக்கு அந்நியமாகத் தோன்றாது என்று நம்புகிறேன். கிறிஸ்துவின் ஜனன சரித்திரத்தை ஒரு மிருகத்தின் பார்வையில் நின்று சொல்லுகிற குழந்தைகள் படநூலைப் பற்றியும், அப்படி ஒரு நூல் இந்தக் கொங்கு மண்ணிலிருந்து எழுவதானால் அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தி. குடிலில் நாம் தவறாமல் வைக்கிற மாட்டையும் கழுதையையும் சுவிசேஷத்தில் தேடினால் கிடைக்க மாட்டா. மத்தேயு ஞானிகளைச் சொல்லுகிறார். அவர்கள் ஏறி வந்ததாக நாம் வரைகிற ஒட்டகத்தைச் சொல்லவில்லை. லூக்கா மேய்ப்பர்களையும் அவர்கள் இராக்காவல் காத்த மந்தையையும் சொல்லுகிறார். பிள்ளை பிறந்த இடத்தில் எந்த மிருகம் நின்றது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினார்கள் என்பதை மட்டும், தாயின் செயலாக ஒரு முறையும், மேய்ப்பர்களுக்குத் தரப்பட்ட அடையாளமாக ஒரு முறையும், அவர்கள் வந்து கண்ட காட்சியாக ஒரு முறையும் ஆக மூன்று முறை, ஓர் அத்தியாயத்திற்குள்ளேயே எழுதுகிறார். தொட்டி இருந்தால் அதில் தின்னும் வாய் ஒன்று இருந்தே தீர வேண்டும் அல்லவா? அந்த வாய்க்கு உரிய உயிரைக் கிறிஸ்தவ உலகம் பின்னால் தேடிப் பிடித்தது. மாடு தன் உடையவனையும் கழுதை தன் எசமானின் தொட்டியையும் அறிந்திருக்க, மக்களோ அறியாதிருக்கிறார்களே என்று பழைய ஏற்பாட்டில் ஏசாயா தீர்க்கதரிசி வருந்திய இடத்திலிருந்து அவ்விரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். நான்காம் நூற்றாண்டின் கல்லறைப் பேழைகளிலேயே, தொட்டியில் கிடக்கும் பிள்ளையின் அருகில் மாடும் கழுதையும் செதுக்கப்பட்டுவிட்டன. பிள்ளையை அவை வணங்கியதாகச் சொல்லும் ஆகமம் ஒன்று, மத்தேயுவின் பெயரைச் சூடிக்கொண்டு, அதற்குச் சில நூற்றாண்டுகள் கழித்துத்தான் எழுதப்பட்டது. எழுத்தை முந்திக்கொண்டு சிற்பியின் உளி இந்தக் கதையைச் சொல்லிவிட்டது என்பது படநூல் செய்ய முனைகிறவர்களுக்கு உற்சாகம் தர வேண்டிய விஷயம்.

1223ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுக் கிரெச்சியோ என்னும் மலையூரில் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகள் செய்த காரியத்தை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். உயிருள்ள ஒரு மாட்டையும் உயிருள்ள ஒரு கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, தொட்டியில் வைக்கோல் பரப்பி, அந்த இடத்திலேயே நள்ளிரவு வழிபாடு நடத்தச் செய்தார். இதை எழுதி வைத்த செலானோ ஊர்த் தோமா என்பவர் மேலும் ஒரு செய்தி தருகிறார்: அந்த வைக்கோலை ஊரார் பத்திரப்படுத்தி வைத்து, நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள்; அவை குணமடைந்தன என்று அவர் சொல்லுகிறார். எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகவும் பிடித்த இடம் இதுதான். பிள்ளைக்குப் படுக்கையாக மாடு விட்டுக்கொடுத்த தீவனம், கடைசியில் மாட்டுக்கே மருந்தாகத் திரும்பிப் போயிற்று.

இனி, மிருகத்தின் வாயால் கதை சொல்லும் கலைக்கு வருவோம். மிருகத்தைக் கதாபாத்திரமாக்குகிற எழுத்தாளர்களில் பெரும்பாலோர் அதன் தோலை மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளே ஓர் உபதேசியாரை உட்கார வைத்துவிடுகிறார்கள். அந்த மாடு பிள்ளையைக் கண்டவுடனே இவர் உலக ரட்சகர் என்கிறது. கழுதை தீர்க்கதரிசனங்களை எடுத்துரைக்கிறது. இப்படிப்பட்ட நூல் குழந்தைக்கு ஒன்றும் தருவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். பெரியவர் ஒருவரே நேராக நின்று சொல்லக்கூடியதைச் சொல்ல மாடு எதற்கு? மாட்டைச் சாட்சியாக நிறுத்தினால், மாடு அறியக்கூடியதை மட்டும் அது சொல்ல வேண்டும். அதற்குத் தெரிந்தது என்ன? பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த பசி தெரியும். தனக்கு உரிய தொட்டி எது என்று தெரியும். அந்நியருடைய வாடையும், களைத்துப்போன காலடியின் ஓசையும் தெரியும். ஈன்ற வேதனை என்னவென்று பசுவுக்கு நன்றாகவே தெரியும். அன்று இரவு தன் தொட்டியருகே போனபோது அங்கே தீவனத்தின் மேல் ஒரு மனிதக் கன்று கிடந்தது, மோந்து பார்த்தது, பால் வாடை அடித்தது, தாய்க்காரி தன் கன்றை நக்கிக் கொடுக்காமல் துணியால் சுற்றி வைத்திருந்தது அதற்கு விளங்கவில்லை, பசித்திருந்தும் அது அந்தத் தீவனத்தில் வாய் வைக்கவில்லை. இவ்வளவுதான் பசு சொல்லக்கூடிய கதை. இதற்கு மேல் உள்ள பொருளையெல்லாம் கேட்கிற குழந்தையின் மனம் தானே நிரப்பிக்கொள்ளும். தன் சாப்பாட்டு இடத்தை மற்றொரு பிள்ளைக்கு விட்டுக்கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தம்பி தங்கையோடு வளர்கிற எந்தக் குழந்தைக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை.

மாடு மண்டியிட்டுத் தொழுததாகப் படம் போடுவது மேனாட்டு ஓவியர்களின் சம்பிரதாயம். அதை வரைவதானாலும் அற்புதத்தின் துணை வேண்டியதில்லை. மாடு படுக்கிறபோது முன்னங்கால்கள் இரண்டையும்தான் முதலில் மடக்குகிறது. ஒரு கணம் முழங்காலிட்டு, அதன் பிறகே பின்பாகத்தைத் தாழ்த்துகிறது. எழுந்திருக்கும்போது பின்னங்கால்கள் முதலில் எழுந்து, முன்னங்கால்கள் அந்தக் கணமும் மண்டியிட்ட நிலையிலேயே இருக்கின்றன. கட்டுத்தரையில் தினந்தோறும் நடக்கும் இந்தக் காரியத்தைக் கூர்ந்து நோக்கிய ஓவியன், தொட்டியின் முன்னே படுக்கப் போகும் எருதை அந்த ஒரு கணத்தில் பிடித்து வரைந்துவிட்டால் போதும். பார்க்கிற கண்ணுக்கு அது வணக்கமாகவும் இருக்கும், மாட்டுக்கு அது இளைப்பாறலாகவும் இருக்கும், இரண்டில் எதுவும் பொய்யாகாது.

தமிழுக்கு இந்த வழி புதிதென்று நினைக்க வேண்டாம். மணிமேகலையில் ஆபுத்திரன் கதை வருகிறது. சாலி என்பவள் தான் ஈன்ற பிள்ளையை ஒரு தோட்டத்தில் இருளில் விட்டுப் போய்விடுகிறாள். அழுகுரல் கேட்டு வந்த பசு ஒன்று தன் நாவால் நக்கி, பால் சுரந்து ஊட்டி, ஏழு நாள் அந்தப் பிள்ளையை விட்டு அகலாமல் காக்கிறது. அதனாலேயே அவன் ஆபுத்திரன் ஆனான். வளர்ந்த பிறகு, வேள்விக்கென்று கட்டி வைத்திருந்த ஒரு பசுவின் கண்ணீரைக் காண்கிறான். இரவோடு இரவாக அதை அவிழ்த்துக்கொண்டு போகிறான். அகப்பட்டு அடியும் வசையும் பெற்று ஊரை விட்டு விரட்டப்படுகிறான். ஊரில் இடமில்லாத ஒரு பிள்ளைக்கு மாடு இடம் கொடுத்தது. அந்தப் பிள்ளை பெரியவனாகி மாட்டுக்காக ஊரைப் பகைத்துக்கொண்டது. பெத்லகேம் கதையை மாட்டின் பார்வையில் சொல்ல முன்வரும் தமிழ் எழுத்தாளர் ஒருவர் இந்தக் காதையை ஒரு முறை பயபக்தியோடு படித்துவிட்டு எழுதுகோலை எடுப்பாரானால், அயல்நாட்டு நூல் ஒன்றைப் பார்த்து எழுதும் அவசியம் அவருக்கு நேராது. இடையன் மூலன் இறந்து கிடக்க, அவன் உடலைச் சுற்றி நின்று கதறிய பசுக்களின் துயர் பொறாமல் அந்த உடலுக்குள்ளேயே புகுந்த திருமூலரின் வரலாறும் நம்முடையதுதானே.

அயல்நாட்டு நூல்களையும் நான் குறைத்துப் பேசவில்லை. சுவீடன் நாட்டு ஆஸ்திரித் லிண்ட்கிரென் அம்மையார் 1961இல் எழுதி, ஹரால்ட் வீபெரி என்பவர் சித்திரம் தீட்டிய நூல் ஒன்று உண்டு. அதிலே ஒரு தாய் தன் குழந்தைக்குப் பெத்லகேம் கதையைச் சொல்லுகிறாள். கேட்கிற குழந்தையோ அதைத் தன் வீட்டுத் தொழுவத்தில், தன் ஊர்ப் பனியில், தனக்குத் தெரிந்த மாடு குதிரைகளின் நடுவே நடந்ததாகவே மனத்தில் காண்கிறது. படங்களும் அவ்வாறே பனி மூடிய சுவீடன் பண்ணையைக் காட்டுகின்றன. 2004இல் மார்ட்டின் வாடல் எழுதி ஜேசன் காக்ராப்ட் படம் வரைந்த மற்றொரு நூலில், நல்ல மனம் படைத்த மாடு ஒன்று, குளிரில் வந்த கிழநாய்க்கும், திக்கற்ற பூனைக்கும், சுண்டெலிக்கும் தன் தொழுவத்தில் ஒவ்வொன்றாக இடம் கொடுத்து, கடைசியில் மரியாளைச் சுமந்து வந்த களைத்த கழுதைக்கும் இடம் கொடுக்கிறது. இரண்டும் நல்ல நூல்கள். ஆயினும் முதல் நூலையே நான் உயர்வாக மதிக்கிறேன். ஏனென்றால் கதையைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடும் உரிமையைக் குழந்தைக்கு அது வழங்குகிறது. பனியே அரிதான பெத்லகேமைச் சுவீடன் குழந்தை பனியில் காணலாம் என்றால், காங்கயத்துக் குழந்தை அதைக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் காண்பதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

அந்த அனுமதியை நமக்கு ஒருவர் முன்னமே தந்துவிட்டும் போயிருக்கிறார். 1726இல் முற்றுப்பெற்ற தேம்பாவணியிலே வீரமாமுனிவர் 3615 பாடல்களில் சூசையப்பரின் சரிதையைப் பாடும்போது, நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய மரபின்படியே தொடங்கி, யூதேய நாட்டை நீர்வளமும் வயல்வளமும் நிறைந்த தமிழ் நாடாகவே வருணித்தார். இத்தாலியில் பிறந்த ஒருவர் தயங்காமல் செய்ததை இங்கேயே பிறந்த நாம் செய்யத் தயங்குவது நன்றாயிராது.

கொங்கு நாட்டுக்கு இதில் வேறொரு விசேஷமும் இருக்கிறது. நம் குடில்களில் பாலனைக் கிடத்துகிற தொட்டி பெரும்பாலும் மரச்சட்டத்தால் செய்தது; ஐரோப்பியப் படங்களைப் பார்த்துச் செய்தது. பாலஸ்தீன நாட்டிலோ கல்லில் குடைந்த தீவனத் தொட்டிகள் வழங்கின. மெகிதோ என்னும் பழம்பதியில் அத்தகைய கல்தொட்டிகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். மத்தியக் கிழக்கு நாடுகளில் பல்லாண்டுகள் வாழ்ந்து அம்மக்களின் குடும்ப வழக்கங்களை ஆராய்ந்த கென்னத் பெய்லி என்ற அறிஞர், அந்நாட்டுக் குடியானவர் வீட்டில் மக்கள் இருக்கும் மேட்டுத் தளமும், இரவில் கால்நடைகளைக் கொண்டுவந்து கட்டும் தாழ்ந்த பகுதியும் ஒரே கூரையின் கீழ் அமைந்திருக்கும் என்றும், பிள்ளை பிறந்தது அப்படிப்பட்ட ஒரு வீட்டிலேயே என்றும் வாதிட்டார். குகையில் பிறந்ததாகக் கூறும் மரபும் இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. எதுவாயினும், நம் தோட்டத்துச் சாளை வீட்டையும், அதை ஒட்டிய கட்டுத்தரையையும், அங்கே தலைமுறை தலைமுறையாகக் கிடக்கும் கல்தொட்டியையும் அப்படியே பார்த்து வரைகிற ஓவியர், மரத்தொட்டி வரைகிற ஓவியரைக் காட்டிலும் பெத்லகேமுக்கு அருகிலே போய்விடுகிறார். தொட்டியில் பரப்புவதற்கும் நெல்லு வைக்கோலைத் தேட வேண்டாம். புன்செய்க் கொங்கில் நறுக்கிய சோளத்தட்டும், கொழுக்கட்டைப் புல்லும் போதும். அவை நெல் வைக்கோலைவிட முரடானவை. ஆகையால் மரியன்னை தன் சேலைத் தலைப்பை இரண்டாக மடித்து மேலே விரித்திருக்க வேண்டும் என்று நம் பெண்குழந்தைகள் உடனே சொல்லுவார்கள்.

மாட்டை வரைவதில்தான் மிகுந்த கவனம் தேவை. காங்கயம் பசு வெண்மை கலந்த சாம்பல் நிறம். காளையோ திமிலிலும் கழுத்திலும் கருமை ஏறிக் கம்பீரமாக நிற்கும். ஆனால் அந்த வெள்ளைப் பசு ஈன்ற கன்று சிவந்த நிறமாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில்தான் அந்தச் செந்நிறம் மாறித் தாயின் நிறத்துக்கு வரும். ஊர் தெரியாதவர் வெள்ளைப் பசுவின் அருகே வெள்ளைக் கன்றையே வரைந்து வைப்பார். கொறங்காட்டுக் கிளுவை வேலியின் ஓரத்தில் வளர்ந்த பிள்ளை அந்தப் பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது நம் மாடு இல்லை என்று நூலை மூடிவிடும். செங்கன்று ஒன்று தாயின் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருக்க, பக்கத்தில் கல்தொட்டியில் மனிதப் பிள்ளை கிடக்க, இரண்டு தாய்களும் அந்தக் குளிரில் விழித்திருப்பதாக ஒரு பக்கம் அமையுமானால், அந்தப் பக்கத்தில் எழுத்தே வேண்டாம் என்பேன்.

கழுதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு நாம் செய்திருக்கும் அநீதி பெரிது. பகைவர் நாட்டை வென்ற அரசன், அந்த மண்ணை அவமானப்படுத்துவதற்காகக் கழுதையை ஏரில் பூட்டி உழுததைப் புறநானூறு சொல்லுகிறது. கழுதையை மூதேவியின் ஊர்தியாக்கினோம். ஊரார் அழுக்கையெல்லாம் சுமந்த அந்த ஜீவனின் பெயரையே வசைச்சொல்லாக்கினோம். பள்ளிக்கூடத்தில் கணக்குத் தவறிய பிள்ளையின் மேல் அந்தச் சொல் எத்தனை முறை விழுந்திருக்கிறது! கருவுற்ற மரியாளைக் கழுதை சுமந்து வந்தது என்பதும் சுவிசேஷத்தில் இல்லாத மரபுதான்; ஆனால் அந்தப் பிள்ளை பெரியவராகி எருசலேமுக்குள் பவனி சென்றபோது, குதிரையை விரும்பாமல் கழுதையின் மேல் ஏறிச் சென்றார் என்பது சுவிசேஷம் சொல்லும் செய்தி. மேலும் கழுதையின் முதுகில் தண்டுவடத்தின் வழியே ஒரு கருங்கோடும், தோளின் குறுக்கே மற்றொரு கோடும் ஓடிச் சிலுவைபோல் தோன்றுவதை அருகிலே நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். நம் படநூலில் கழுதை சிரிப்புக்காக வரக் கூடாது. தன்னை அடித்து ஓட்டிய கைகளுக்கே பழகிப்போயிருந்த அது, தட்டிக் கொடுத்து இறங்கிய ஒரு பெண்ணின் கையை அன்று முதன்முதலாக அறிந்தது என்று எழுதினால் போதும்.

இவையெல்லாம் கிறிஸ்தவக் குழந்தைகளுக்கு மட்டும் உரிய நூலைப் பற்றிய பேச்சு என்று யாரும் கருதிவிடக் கூடாது. உடுமலையை அடுத்த சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்கு மாட்டுப் பொங்கலை ஒட்டிச் செல்லுங்கள். குடியானவர்கள் கறந்த பாலைக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள்; மண்ணால் செய்த மாடு, கன்று உருவாரங்களை வாங்கி வந்து தெய்வத்தின் முன்னே வைத்துத் தங்கள் கால்நடைகளின் நலத்துக்காக வேண்டுகிறார்கள். தெய்வத்தின் முன்னிலையில் மண் மாடு நிற்கும் காட்சி நமக்குப் புதிதே அன்று. அந்த உருவாரத்தைப் பிடித்துப் பழகிய விரல்கள் குடிலுக்குரிய மாட்டையும் பிடித்துக் கொடுத்தால், அச்சில் வார்த்து வருகிற சுரூபத்தைக் காட்டிலும் அது உயிரோடு இருக்கும்.

ஆனால் அவசரமும் இருக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது முதலாகக் கிணற்று மேட்டிலிருந்து நீரிறைக்கும் கவலை மாடுகள் மெல்ல மெல்ல இறங்கிப் போயின. பிறகு உழவிலிருந்தும், வண்டியிலிருந்தும் போயின. இன்று இந்த நகரத்தில் பிறக்கும் குழந்தை மாட்டை முதன்முதலாகக் காண்பது பெரும்பாலும் தாளிலேதான். மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை முடித்த கையோடு ஓய்ந்துவிடாமல், குழந்தைகளுக்கென்றே படங்கள் நிறைந்த மற்றொரு பத்துத் தொகுதிகளை 1968 முதல் 1976 வரை உழைத்து வெளியிட்டாரே, அவருடைய கொங்கு நாட்டிலே, 32 பக்கத்தில் ஒரு மாட்டின் கதையை நல்ல வண்ணத்தில் அச்சிட நமக்கு முடியாது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

நூலின் கடைசிப் பக்கங்களைப் பற்றி ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஜனனத்தோடு கதையை நிறுத்திவிடுவது வழக்கம். நான் நாற்பது நாள் தாண்டிப் போக விரும்புகிறேன். பிள்ளையை எருசலேம் ஆலயத்துக்குக் கொண்டுபோன பெற்றோர், ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்கு மோசேயின் நியாயப்பிரமாணம் அனுமதித்தபடி, ஒரு ஜோடிப் புறாவைக் காணிக்கை செலுத்தியதாக லூக்கா எழுதுகிறார். மிருகங்களின் பார்வையில் கதை சொல்ல ஒப்புக்கொண்ட பிறகு, அந்தப் புறாக்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது நேர்மையாகாது. தொழுவத்து உத்தரத்தில் உட்கார்ந்து அன்றிரவு எல்லாவற்றையும் கண்ட புறா ஒன்று, அந்த ஜோடி போன வழியைப் பார்த்திருந்தது; ஆண்டுகள் பல சென்றபின், அதே ஆலய முற்றத்தில் விற்பதற்கென்று நிறுத்தியிருந்த மாடுகளையும் ஆடுகளையும் ஒருவர் வெளியே ஓட்டினார், புறாக் கூடுகளை எடுத்துப்போகச் சொன்னார் என்னும் செய்தி, அந்தப் புறாவின் பேரன் பேத்திகளுக்கு எட்டியது. யோவான் சுவிசேஷத்தில் உள்ள அந்த நிகழ்ச்சிக்கு வேத பண்டிதர்கள் வேறு பொருள் கூறுவார்கள். அது சரியாகவே இருக்கட்டும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் புறாவுக்கும் அன்றைக்குத் தெரிந்தது, கயிறு அவிழ்ந்ததும் கூடு நகர்ந்ததும்தான். வேள்விப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போன ஆபுத்திரனை அறிந்த தமிழ்க் குழந்தைக்கு அந்தப் பக்கம் எளிதில் விளங்கும்.

எழுதுவதற்கு ஒருவர் கிடைத்துவிடுவார். வரைவதற்குத்தான் ஆள் வேண்டும். இந்த அவையில் சித்திரம் பயிலும் இளைஞர்கள் சிலரைக் காண்கிறேன். வருகிற சித்திரையில் காங்கயத்தை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் கோயில் விழாவை ஒட்டி மாட்டுச் சந்தை கூடும். அங்கே செங்கன்றும் வெள்ளைப் பசுவும், மயிலைக் காளையும், அவை படுப்பதும் எழுவதும், தீவனத்துக்குத் தலை தாழ்த்துவதும் வேண்டிய மட்டும் காணலாம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். தாளும் பென்சிலும் நீங்கள் கொண்டுவாருங்கள், வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன். சித்திரையில் வரையத் தொடங்கினால் அடுத்த மார்கழிக்குள் நூல் அச்சாகிவிடும்.